தராசு சொல்லாத சேதி

"என்னடீ, இப்படி இளைச்சுப் போயிட்டே? மாமியார் வீட்டிலே சோறு போடறாங்களா, இல்லையா?"

என் அம்மா காலத்தில் தலைதீபாவளிக்கு வந்து இறங்கும் பெண்ணிடம் வாசற்படியிலேயே கேட்கப்படும் முதல் கேள்வி இது. கேட்கும்போதே கண் கலங்கிவிடும். 'உடம்பு கொஞ்சம் தேறியிருக்கு', 'பூசினாப்பலே இருக்கா' என்பதெல்லாம் அன்றைக்குப் பாராட்டு. இன்றைக்கு அதே பெண்ணிடம் "உடம்பு போட்டுட்டியே" என்று சொல்லிப் பாருங்கள், ஒரு வாரம் அவளுக்குச் சோறு இறங்காது! "இளைச்சுட்டியே!" என்றால் போதும், முகம் மலர்ந்துவிடும். வார்த்தை அதேதான். அர்த்தம்தான் தலைகீழாகிவிட்டது.

இந்த வார்த்தை எங்கள் சென்னீர்குப்பத்தில் ஒரு குடும்பத்தையே எப்படி ஏமாற்றியது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

பூந்தமல்லியை ஒட்டிய ஊர் எங்களுடையது. எங்கள் தெருவில் ஓர் அக்கா. வயது நாற்பத்து நாலு. கொஞ்சம் பருமனான சரீரம். ஆறே மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தார். தெருவே கொண்டாடியது. "என்னக்கா சாப்பிடறீங்க? கொள்ளா? வெந்தயமா? எங்களுக்கும் சொல்லுங்களேன்!" என்று தண்ணீர் லாரியிடம் நிற்கும்போதுகூட விடமாட்டார்கள். "நான் ஒண்ணும் பண்ணலைம்மா, தானா குறையுது" என்பார், பெருமை தாங்காமல். நாலு ரவிக்கையைப் பிடித்துத் தைத்துக்கொண்டார். ராத்திரியில் நாலு தடவை பாத்ரூம் போக எழுந்ததும், தண்ணீர் பாட்டிலும் கையுமாக அலைந்ததும், சாயங்காலமானால் கால் கடுத்ததும் யார் கண்ணிலும் படவில்லை. வெயில் காலம், வயசு, வேலை அலுப்பு என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

தமிழ்நாட்டில் 2021-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது நினைவிருக்கும். அந்தத் திட்டத்தில் வீட்டுக்கு வந்த சுகாதாரப் பணியாளர்தான் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. மறுநாள் டாக்டர் விளக்கிச் சொன்னார்: இன்சுலின் சரியாக வேலை செய்யாவிட்டால், சாப்பிட்ட சாப்பாட்டின் சர்க்கரை ரத்தத்திலேயே தங்கி, சிறுநீரோடு வெளியே போய்விடும். உடம்புக்கு எரிபொருள் கிடைக்காது. வேறு வழியில்லாமல் அது தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துத் தின்ன ஆரம்பிக்கும். அதைத்தான் அத்தனை பேரும் அழகு என்று புகழ்ந்துகொண்டிருந்தார்கள்!

முயற்சி எதுவும் செய்யாமல் ஆறு மாதம், ஒரு வருஷத்துக்குள் எடை நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் குறைந்தால், அதாவது அறுபது கிலோ இருப்பவர் மூன்று கிலோவுக்கு மேல் தானாக இளைத்தால், டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். சர்க்கரை மட்டுமல்ல, தைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்தாலும் இளைக்கும். காசநோயிலும் இளைக்கும். மனச்சோர்விலும் இளைக்கும். நம் பாட்டிமார்கள் இளைத்த பெண்ணைப் பார்த்துக் கண் கலங்கியது ஒன்றும் அறியாமையால் அல்ல.

அட்டையில் எடை, பின்னால் ஜோசியம்

ரயில்வே ஸ்டேஷன்களில் ஒரு எடை மிஷின் இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? கலர் பல்புகள் மின்ன, உள்ளே வண்ணச் சக்கரம் சுழலும். ஏறி நின்று காசு போட்டால் 'டக்'கென்று ஒரு சின்ன அட்டை விழும். ஒரு பக்கம் எடை, இன்னொரு பக்கம் ஜோசியம் அல்லது சினிமா நட்சத்திரத்தின் படம். எடையையும் ஜோசியத்தையும் ஒரே அட்டையில் அச்சடித்தவர் யாரோ, மகா கெட்டிக்காரர் என்று இப்போது தோன்றுகிறது. இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவுதான் நம்பலாம்.

'நான் வெறும் எடையைப் பார்ப்பதில்லை, உயரத்தையும் சேர்த்து பி.எம்.ஐ. கணக்குப் பார்க்கிறேன்' என்பீர்கள். அதன் பூர்வீகத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இந்தக் கணக்கை 1832-இல் சொன்னவர் அடால்ஃப் கெட்லே என்ற பெல்ஜியம் நாட்டுக்காரர். அவர் டாக்டர் அல்ல. வானசாஸ்திரமும் புள்ளியியலும் படித்தவர். 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று கண்டுபிடிப்பதுதான் அவர் ஆசை. உங்கள் ஆரோக்கியத்தை அளப்பது அவர் நோக்கமே இல்லை. இதற்கு 1972-இல் பி.எம்.ஐ. என்று பெயர் சூட்டியவர் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி. அவரும் அந்த ஆய்வில் அளந்தது ஆண்களைத்தான். ஆக, ஆண்களை அளந்து பெயர் வைத்த கணக்கை வைத்துக்கொண்டு, இரண்டு பிள்ளை பெற்ற நாம் கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறோம்!

தராசில் ஏறி நிற்கும்போது அது எதையெல்லாம் நிறுக்கிறது? எலும்பு, தசை, கொழுப்பு, ரத்தம், காலையில் சாப்பிட்ட இட்லி, குடித்த தண்ணீர், எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி நிறுத்துவிட்டு ஒரே எண்ணைச் சொல்கிறது. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் உடம்பில் நீர் கோத்துக்கொண்டால் ஒரு கிலோ கூடும். ஊறுகாயும் அப்பளமுமாக ஒரு கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டால் மறுநாள் கூடும். இதெல்லாம் கொழுப்பு இல்லை, தண்ணீர்.

மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட்டுக்கு நடந்ததை நாடே பார்த்ததே. 2024 ஆகஸ்டில், பாரிஸ் ஒலிம்பிக்கில், 50 கிலோ பிரிவில் முதல் நாள் எடை சரியாக இருந்தது. ஒரே நாளில் மூன்று பேரை வென்று இறுதிப் போட்டிக்குப் போனார். இடையில் தெம்புக்குச் சாப்பிட்டதிலும் குடித்ததிலும் எடை ஏறிவிட்டது. ராத்திரி முழுக்கத் தூங்காமல் வியர்வை சிந்தியும், தலைமுடியைக்கூட வெட்டியும், மறுநாள் காலை 100 கிராம் கூடுதலாக நின்றது. பதக்கம் போயிற்று. முந்தின நாள் உலகமே வியந்த அந்த உடம்பு ஒரே ராத்திரியில் கெட்டுப்போய்விட்டதா என்ன? பாத்ரூம் தராசில் அரைக் கிலோ கூடிவிட்டது என்று காலைப் பலகாரத்தைத் தள்ளிவைக்கும் என் சிநேகிதிகளுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வது வழக்கம்.

இரண்டு டாக்டர்கள், ஒரே கணக்கு

புனே நகரத்தில் சித்தரஞ்சன் யாஜ்னிக் என்று ஒரு டாக்டர். நீரிழிவு ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். லண்டனில் அவருடைய நண்பர் ஜான் யுட்கின், அவரும் டாக்டர். 2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோ ஒன்றை வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. பார்ப்பதற்கும் இருவரும் ஒல்லிதான். ஆனால் உடம்பில் எத்தனை கொழுப்பு என்று அளந்தபோது, வெள்ளைக்காரருக்கு நூற்றுக்கு 9.1 பங்கு. நம்மவருக்கு 21.2 பங்கு! இரண்டு மடங்குக்கும் மேல்.

நம் நாட்டவர்களுக்குப் பிறவியிலேயே இந்த வாகு இருக்கிறது என்பதையும் யாஜ்னிக் குழுவினர் காட்டினார்கள். புனே சுற்றுவட்டாரக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தில் சவுதாம்ப்டனில் பிறந்தவற்றுக்கு 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்கு எடை குறைவு, தசை குறைவு. ஆனால் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு.

அந்தக் கொழுப்பு எங்கே தங்குகிறது என்பதுதான் முக்கியம். தொடையிலும் இடுப்பின் பின்பக்கத்திலும் தோலுக்கடியில் தங்கும் கொழுப்பு அவ்வளவு தொல்லை தருவதில்லை. வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படியும் கொழுப்புதான் வில்லன். அது கொழுப்பு அமிலங்களை நேராகக் கல்லீரலுக்கு அனுப்புகிறது. கல்லீரலில் கொழுப்பு சேருகிறது, இன்சுலின் சொன்ன பேச்சைக் கேட்க மறுக்கிறது. பிறகு சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு என்று வரிசையாக வந்து உட்கார்ந்துகொள்ளும். தராசுக்கு இது எதுவும் தெரியாது.

நம் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து நாடு முழுக்க எடுத்த கணக்கு 2023-இல் வெளியாயிற்று. பி.எம்.ஐ.படி பருமன் என்று சொல்லப்பட்டவர்கள் நூற்றுக்கு 28.6 பேர். வயிறு பெருத்தவர்களோ 39.5 பேர். கணக்குப் போட்டுப் பாருங்கள். நூற்றுக்குக் குறைந்தது பத்துப் பேர், 'நமக்கென்ன, எடை சரியாத்தானே இருக்கு' என்று நிம்மதியாக இருப்பவர்கள்!

மொட்டை மாடியில் ஒரு பரீட்சை

இதே மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தின் டாக்டர் வி. மோகனும் சகாக்களும் 2005-இல் ஒரு சுலபமான மார்க் பட்டியல் தயாரித்தார்கள். ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம். நாலே கேள்விகள். சர்க்கரை நோய்க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். இந்தக் கோடையில், மொட்டை மாடியில் வடகம் பிழிந்து காயப்போட்டுவிட்டு, தையல்கார டேப்பும் கையுமாக நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். நீங்களும் போடுங்கள்.

வயது 35-க்குக் கீழே என்றால் பூஜ்யம், 35 முதல் 49 வரை 20 மார்க், ஐம்பதும் அதற்கு மேலும் என்றால் 30. இடுப்பளவு, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் பூஜ்யம், 80 முதல் 89 வரை 10, தொண்ணூறும் அதற்கு மேலும் 20. (ஆண்களுக்கு ஒவ்வொன்றிலும் பத்து சென்டிமீட்டர் சலுகை உண்டு!) உடற்பயிற்சியும் செய்து உடலுழைப்பும் இருந்தால் பூஜ்யம், இரண்டில் ஒன்று மட்டும் என்றால் 20, இரண்டும் இல்லையென்றால் 30. அப்பா அம்மாவில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால் 10, இருவருக்குமே இருந்தால் 20. இங்கே மார்க் குறைவாக வாங்குபவர்தான் கெட்டிக்காரர். 30-க்குக் கீழே என்றால் கவலை குறைவு. 30 முதல் 50 வரை நடுத்தரம். 60-ம் அதற்கு மேலும் வந்தால் தாமதிக்காமல் ரத்தப் பரிசோதனை.

எங்களில் ஒருத்திக்கு வயது முப்பத்தெட்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை, காலை முதல் மாலை வரை நாற்காலிதான். எடை 52 கிலோ. 'ஊதினா பறந்துடுவே' என்று எல்லோரும் கேலி செய்வோம். அவள் கட்டியிருந்தது நைட்டி. (பெண்களிடம் உண்மையை மறைப்பதில் நைட்டிக்கு ஈடு கிடையாது. பாவாடை நாடாவாவது முடிச்சு எட்டவில்லை என்று எச்சரிக்கும்!) டேப் வைத்துப் பார்த்தால் இடுப்பு 84. அம்மாவுக்குச் சர்க்கரை. மொத்தம் 70 மார்க்.

இன்னொருத்தி தள்ளுவண்டியில் காய்கறி விற்பவள். வயது முப்பத்து மூன்று, எடை 67 கிலோ. 'குண்டு' என்று பெயர் வாங்கியவள். இடுப்பு 83. நாள் முழுக்க வண்டி தள்ளும் உழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை இல்லை. மொத்தம் 30 தான்.

"இதிலே எடையை எங்கேக்கா கேட்டிருக்காங்க?" என்றாள் காய்கறிக்காரி.

கேட்கவே இல்லை! நாலு கேள்வியில் ஒன்றில்கூட எடை இல்லை.

கணக்கு எழுதும் பெண் மறுவாரமே வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தாள். 112 வந்தது. நோய் என்று சொல்ல முடியாது, அதற்கு 126 வேண்டும். ஆனால் வாசற்படிவரை வந்துவிட்டது. டாக்டர் அவளிடம் எடையைக் குறைக்கச் சொல்லவில்லை, குறைக்க அவளிடம் என்ன இருக்கிறது? தினமும் அரைமணி வேகநடை, வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி, தட்டில் சோற்றைக் குறைத்துச் சுண்டல், பருப்பு, முட்டை என்றார். நாம் சாப்பிடும் சர்க்கரையை வாங்கிச் செலவழிப்பது தசைதான். நாற்காலியைப் பிடிக்காமல் உட்கார்ந்து எழுவதை இருபது தடவை செய்தாலே தொடைத் தசைக்கு வேலைதான். மிக்ஸியை விற்றுவிட்டு அம்மி வாங்குங்கள் என்று உபதேசம் செய்பவர்களை நான் நம்புவதில்லை. அவர்கள் வீட்டில் அரைப்பது அவர்கள் இல்லை!

பிள்ளை பெற்றவளை விட்டுவிடுங்கள்

இளம் தாய்மார்களுக்குத்தான் இந்தத் தராசு பெரும் தொல்லை. குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆவதற்குள் "வயிறு இன்னும் உள்ளே போகலையே" என்று ஒரு குரல், "போன மாசம் பெத்தவ எப்படிச் சிக்குனு இருக்கா பாரு" என்று இன்னொரு குரல். அவளும் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிடுகிறாள். பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிடத் தினம் 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கணக்கு. ஒரு வேளைச் சாப்பாட்டைக் கூட்ட வேண்டிய நேரத்தில் ஒரு வேளையைக் குறைத்தால் என்ன ஆகும்?

ரத்தசோகையைத் தராசு காட்டுமா? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. அதே ஆய்வில், எடை கூடுதல் என்று கணக்கில் வந்தவர்கள் நூற்றுக்கு 40 பேர். இரண்டு பட்டியலிலும் இருப்பவர்கள் நிறையவே இருப்பார்கள். பருமனாக இருப்பதாலேயே 'இவளுக்கென்ன குறைச்சல், நல்லாத்தானே சாப்பிடறா' என்று விட்டுவிடுகிறோம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கிறதா, ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கர்ப்பிணிக்கு 11.

மறுபக்கம், எலும்பும் தோலுமாக இருப்பதை அழகு என்று நினைக்கும் பெண்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். எடை மிகவும் குறைந்தவர்களுக்கு மாதவிலக்கு தப்பிப்போகலாம். வயதான பிறகு எலும்பு தேய்ந்து சுலபமாக முறியும் ஆபத்தும் அவர்களுக்கே அதிகம்.

அழகு யாருடையது?

அழகு விஷயத்துக்கு வருவோம். நம் தமிழ் சினிமாவைப் பாருங்களேன். தொண்ணூறுகளில் குஷ்புவுக்காகத் தமிழ்நாட்டில் இட்லிக்கே பெயர் வைத்தார்கள். பஞ்சு போல உப்பிய மல்லிகைப்பூ இட்லிக்குக் 'குஷ்பு இட்லி' என்று பெயர். உப்பியிருப்பது அன்றைக்கு அழகு! பிறகு 2008-இல் 'தஷன்' இந்திப் படத்துக்காகக் கரீனா கபூர் இளைத்ததும் 'சைஸ் ஸீரோ' என்று ஊரெல்லாம் பேச்சு. பதினைந்து இருபது வருஷத்துக்குள் அழகுக்கு இரண்டு சட்டம். அதற்கிடையில் நம் உடம்பு மாறிவிட்டதா? மாறியது சட்டம்தான்.

2015-இல் வந்த 'இஞ்சி இடுப்பழகி' படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதற்காகவே அனுஷ்கா உடம்பைக் கூட்டிக்கொண்டு நடித்தார். இளைக்க வைப்பதாகச் சொல்லி மருந்து கொடுத்து உடம்பைக் கெடுக்கும் ஒரு கிளினிக்கை எதிர்த்துப் போராடும் பெண்ணின் கதை. படம் பெரிதாக ஓடவில்லை என்றாலும், அந்தக் கிளினிக் மாதிரியான கடைகள் நன்றாகவே ஓடுகின்றன! 'பத்து நாளில் ஐந்து கிலோ' என்று யாராவது சொன்னால் அது பெரும்பாலும் தண்ணீரும் தசையும்தான். பேதியாகி இளைத்தாலும் தராசு அதையே காட்டும்.

கல்யாணச் சந்தையில் இது இன்னும் மோசம். பெண் பார்க்க வருவதற்கு ஒரு மாதம் முன்பு பட்டினி போட்டு, கண்ணுக்குக் கீழே கருவளையமும் கொத்துக் கொத்தாக முடி உதிர்வுமாக நிற்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். திடீரென்று பட்டினி கிடந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும் என்பது தோல் டாக்டர்கள் அறிந்த சங்கதி. அதாவது, சரியாக முகூர்த்தத்தன்று!

எடையே பார்க்கக் கூடாது என்று நான் சொன்னதாக நினைத்துவிடாதீர்கள். அங்கன்வாடியில் மாதாமாதம் குழந்தையை நிறுத்து அட்டையில் குறிக்கிறார்களே, அது மிக மிக அவசியம். கர்ப்பிணிக்கும் அவசியம். உடம்பு மிகவும் கனத்துவிட்டால் முழங்கால் தேயும், கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் கூடும், தூக்கத்தில் மூச்சு அடைக்கும். இதை மறுக்க முடியாது. ஆனால் எடை-உயரக் கணக்கை மட்டும் வைத்து ஒருவரை நோயாளி என்று முடிவு கட்டக் கூடாது, இடுப்பளவு மாதிரி இன்னோர் அளவும் சேர வேண்டும் என்று 2025 ஜனவரியில் 'லான்செட்' இதழ் அமைத்த உலக நிபுணர் குழுவே சொல்லிவிட்டது.

இடுப்பை எப்படி அளப்பது? பாவாடை கட்டும் இடத்தில் அல்ல. விலா எலும்பு முடியும் இடத்துக்கும் இடுப்பெலும்பு தொடங்கும் இடத்துக்கும் நடுவில். காலையில், வெறும் வயிற்றில், மூச்சைச் சாதாரணமாக விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை எக்கிக்கொள்ளக் கூடாது, அங்கே யாரும் பெண் பார்க்க வரவில்லை! 80 சென்டிமீட்டர் என்பது முப்பத்தொன்றரை அங்குலம். டேப் இல்லாத வீட்டில் ஒரு நூலை உச்சந்தலையிலிருந்து பாதம்வரை பிடித்து வெட்டி, இரண்டாக மடித்து இடுப்பைச் சுற்றுங்கள். இடுப்பளவு உயரத்தில் பாதிக்குள் அடங்கவேண்டும். நூல் எட்டினால் சரி. எட்டவில்லை என்றால் ஒருநாள் வெறும் வயிற்றில் சர்க்கரையும் கூடவே ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் காசு கிடையாது.

இன்னொன்று, பழைய துணி டேப் நாளாக நாளாக நீண்டுவிடும், அளவைக் குறைத்துக் காட்டும். வருஷத்துக்கு ஒருமுறை பிள்ளைகளின் ஸ்கேல் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.